உருஷி பூசிய பேனாவுக்குக் கையால் செய்த கிளிப்: எதை முதலில் செய்வது?

#1 மைத்துளி

வணக்கம். எபோனைட் (கடின ரப்பர்) தடியில் பேனா கடைந்து வருகிறேன். மரை வெட்டுவது, நிப்பு உட்காரத் துளை போடுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அடுத்து உருஷி, அதாவது ஜப்பானிய மரப்பால் லாக்கர், பூசிய பேனா ஒன்று செய்ய ஆசை. அடியில் சிவப்பு, அதற்கு மேல் உள்ளிருப்பது தெரியும் பழுப்பு, விளிம்புகளில் மட்டும் சிவப்பு மெல்லக் கசியும் அந்தத் தமெநுரி பாணி. இதுவரை செய்தவை எல்லாம் கிளிப் இல்லாதவை. இது அன்றாடம் சட்டைப் பையில் இருக்கப்போகும் பேனா என்பதால் கிளிப் கட்டாயம் வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் கிளிப்பில் மனம் செல்லவில்லை. மூங்கில் இலை வடிவத்தில் நானே செய்ய நினைக்கிறேன்.

திட்டம் இதுதான்: மெழுகில் இலையைச் செதுக்கி, வெள்ளியில் வார்த்து, ஒரு வளையத்தைப் பற்றவைத்து, பூச்சு வேலை முழுக்க முடிந்தபின் மூடியின் தலையில் பொருத்துவது. இதில் எங்கே இடிக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கிளிப் முதலிலா, பூச்சு முதலிலா என்பதுதான் பெரிய கேள்வி.

#2 பட்டறைக்காரன்

கிளிப்தான் முதலில், தம்பி. வளையத்தின் தடிமன், கிளிப்பின் நீண்ட கையின் அகலம், வளைவு தொடங்கும் இடம், இந்த மூன்றும் தெரியாமல் மூடியின் தலையை எவ்வளவு ஆழம் குடைவது, பக்கத்தில் எவ்வளவு அகலத்துக்கு வாய் வெட்டுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? பூச்சு ஏறிய பிறகு இடம் போதவில்லை என்று அரத்தை எடுத்தால் விளிம்பு பெயர்ந்து வந்துவிடும்.

அப்புறம் அந்த வார்ப்பு. அழகுக்கு வார்ப்பு நல்லதுதான். ஆனால் கிளிப் ஒரு ஸ்பிரிங். வார்த்த வெள்ளி மெத்தென்று இருக்கும். கொஞ்ச நாள் பையில் செருகி எடுத்தாலே வாய் பிளந்து நின்றுவிடும். அமுக்கிச் சரிசெய்தால் மறுபடியும் திறக்கும். பற்றவைப்பது அதைவிடச் சிக்கல். பற்று உருகும் சூட்டில் வளைவுப் பகுதி இளகிப்போகும், முழு விசையையும் தாங்க வேண்டிய இடமே அதுதான். 925 வெள்ளியைச் சுமார் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் போல வைத்தால் ஓரளவு விறைப்பு திரும்பும். ஆனாலும் உருட்டி இறுகிய தகட்டுக்கு அது ஈடாகாது.

நான் வளையம், கை, இலை மூன்றையும் ஒரே தகட்டில் வெட்டுவேன். பற்றே கிடையாது. உருட்டி இறுகிய நிலையிலேயே கிடைக்கும் ஜெர்மன் சில்வர் தகடு இதற்கு அருமையான பொருள். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது, வெள்ளி துளியும் கிடையாது. பாஸ்பர் பிரான்ஸும் நல்ல ஸ்பிரிங்தான், நிறம் சற்றுச் சிவந்திருக்கும்; உங்கள் சிவப்புப் பூச்சோடு நன்றாகவே சேரும். தகடு உருண்ட திசை கிளிப்பின் நீளவாக்கில் வரும்படி வரைந்து வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வளைக்கும்போது வெளிப்புறத்தில் நுண்ணிய விரிசல் விழும். வளைவின் உள் ஆரம் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது.

தடிமனில் அவசரப்படாதீர்கள். வளைவதற்கான எதிர்ப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 0.8 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்குப் போனால் கிளிப் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும், பைத்துணியைக் கடித்துக் கிழிக்கும். 0.8-இல் தொடங்குங்கள். இலை நரம்புகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே உளியால் போட்டுவிடுங்கள். தட்டத் தட்ட உலோகம் இன்னும் இறுகும், அதுவும் லாபம். நுனியில் குண்டு பற்றவைக்கிற வேலையும் வேண்டாம். பின்பக்கத்திலிருந்து உருண்டை முனைப் பஞ்ச் கொண்டு தட்டிக் குமிழாக்கினாலே போதும்.

#3 மரப்பால்

பட்டறைக்காரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பூச்சுப் பக்கம் நான் சொல்கிறேன்.

உருஷி காற்றில் உலர்கிற பெயின்ட் இல்லை. மரத்துப் பால். அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி ஈரக்காற்றில் வேலை செய்து, உருஷியோலைப் பிணைத்து இறுக வைக்கிறது. அதனால் 20 முதல் 25 டிகிரி சூடும் 70 முதல் 80 சதவீதம் ஈரப்பதமும் உள்ள ஒரு மூடிய பெட்டி வேண்டும். ஈரம் மிஞ்சினால் மேல்தோல் மட்டும் அவசரமாக இறுகிச் சுருங்கிவிடும்; நிறமும் கருக்கும். தமெநுரிக்கு இது முக்கியம். மேல் அடுக்கு மெதுவாக இறுகினால்தான் அடியிலுள்ள சிவப்பு உயிரோடு தெரியும். அந்தப் பழுப்பு வருடங்கள் போகப் போக இன்னும் தெளியும், சிவப்பு இன்னும் மேலே வரும். வெயிலில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். புற ஊதா ஒளிதான் இந்தப் பூச்சுக்கு எமன்.

ஒரு பூச்சின் கனம் 0.02 முதல் 0.03 மி.மீ. கேட்கச் சின்ன அளவு. அடிப்பூச்சு, நடுப்பூச்சு, சிவப்பு, மேலே பழுப்பு என்று அடுக்கி, இடையிடையே தேய்த்த பிறகும் ஒரு பக்கத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை நிற்கும். அதாவது விட்டத்தில் அரை மில்லிமீட்டர். மூடி மரைக்கு நீங்கள் விடும் இடைவெளியை எல்லாம் இது விழுங்கிவிடும். மரைகளில் பூச்சே ஏறக் கூடாது. கிளிப் வளையம் உட்காரும் தரையும் வெறும் எபோனைட்டாகவே இருக்க வேண்டும். உலோகம் பூச்சின் மேல் உட்கார்ந்து அழுத்தினால் என்றாவது ஒருநாள் விளிம்பில் சில்லு தெறிக்கும்.

அதற்கு ஒரு வழி. கிளிப்பின் தடிமனிலேயே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வெட்டி, மூடித் தலையில் வைத்து, தற்காலிகத் திருகால் இறுக்கிவிட்டு அதன் பிறகு பூசத் தொடங்குங்கள். கடைசிவரை அது அங்கேயே இருக்கட்டும். இரும்பு வாஷரைப் பயன்படுத்த வேண்டாம். இறுகாத பச்சை உருஷி இரும்பைத் தொட்டால் கருத்துவிடும். கறுப்பு உருஷியையே இரும்பு சேர்த்துத்தான் செய்கிறார்கள், அந்த அளவுக்கு வினை உண்டு.

இன்னொன்று, கூரான விளிம்பு எங்கேயும் இருக்கக் கூடாது. பூச்சு இறுகும்போது கூர் விளிம்பிலிருந்து விலகி இருபுறமும் ஒதுங்கும், அங்கே தோல் மெலிந்துவிடும். கிளிப் வெளியே வரும் வாயின் ஓரங்களை 0.3 மி.மீ. அளவுக்காவது உருட்டிவிடுங்கள். தமெநுரியில் விளிம்பில் சிவப்புத் தெரிவதும் இதே காரணத்தால்தான், மேல் அடுக்கு அங்கே மெல்லியதாக நிற்கிறது. அந்த உருட்டலை எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதை வைத்தே உங்கள் சிவப்புக் கோடு அமையும்.

#4 நேர்கோடு

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். இரண்டு கூறு பாலியூரிதேன் லாக்கரைத் தெளித்தால் மறுநாளே கையில் எடுக்கலாம். வெள்ளை, வெளிர்நீலம் என எந்த நிறமும் வரும். உருஷியே பழுப்பு என்பதால் தூய வெள்ளை அதில் வரவே வராது. ஈரப்பெட்டி வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

#5 மரப்பால்

தவறே இல்லை, நேர்கோடு. நல்ல பாலியூரிதேன் பூச்சை நான் குறைத்துப் பேச மாட்டேன். பித்தளை உடல் கொண்ட பேனாக்கள் பலவற்றில் செயற்கை லாக்கர்தான் இருக்கிறது, பத்திரமாகவும் இருக்கிறது. ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. சாதாரணத் துணி முகமூடியோடு வீட்டுக்குள் தெளிக்கிற சங்கதி அல்ல அது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் வேண்டும்.

என்னை உருஷியிலேயே நிறுத்தி வைப்பது பழுதுபார்ப்பு. சில்லு தெறித்த இடத்தில் அதே உருஷியைக் குழைத்து நிரப்பி, இறுக விட்டு, தேய்த்து மெருகேற்றினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். நடுவில் கோடு தெரியாது. அன்றாடம் பையில் போகும் பேனாவுக்கு இது பெரிய விஷயம். கையில் பிடிக்கும்போது அந்த மேற்பரப்பு தரும் இதம் தனி. அதை எழுத்தில் சொல்லி விளங்க வைக்க என்னால் ஆகாது.

#6 பழம்பேனா

ஒரு பின்னணி சொல்கிறேன், மைத்துளிக்கு உதவும். எபோனைட் மேல் உருஷி பூசும் வழக்கம் அலங்காரத்துக்காக மட்டும் வந்ததில்லை. எபோனைட் என்பது ரப்பரில் ஏராளமான கந்தகம் கலந்து வேகவைத்து இறுக்கிய பொருள். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு பழுத்து மங்கும். ஜப்பானில் நமிகி நிறுவனத்தார் இதைத் தடுக்கத்தான் எபோனைட்டுக்கு உருஷிக் காப்புக் கொடுத்தார்கள். 1925 வாக்கில் அதற்கு லாக்கனைட் என்று பெயர். அதன் மேல் பொன்தூள் தூவி வரையும் மகியெ வந்தது, 1930-இல் டன்ஹில்லுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு அந்தப் பேனாக்கள் உலகெங்கும் போயின.

அந்தக் கந்தகத்தால் உங்கள் வெள்ளிக் கிளிப்புக்கும் ஆபத்து உண்டு. எபோனைட்டிலிருந்து கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் எபோனைட் பேனாவையும் வெள்ளியையும் சேர்த்து வைத்தால் வெள்ளி கருத்துவிடும். வெளிப்பக்கம் முழுக்கப் பூசினாலும் மூடியின் உட்புறம் வெறும் எபோனைட்தானே. பார்க்க எனக்கு அந்தக் கருமை பிடிக்கும், இலை நரம்புகளில் படிந்து நின்றால் செதுக்கல் நன்றாக எடுத்துக்காட்டும். பளபளவென்றே இருக்க வேண்டும் என்றால் ரோடியம் முலாம் போடுங்கள், இல்லாவிட்டால் ஜெர்மன் சில்வருக்குப் போய்விடுங்கள்.

பொருத்தும் முறையிலும் வரலாறு இருக்கிறது. வாட்டர்மேன் 1905-இல் காப்புரிமை பெற்ற கிளிப்-கேப் மூடிகளில் கிளிப்பை மூடியின் சுவரிலேயே ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். எபோனைட்டுக்கு அது பலமான முறை. உருஷி பூசிய சுவரில் ரிவெட் அடிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். அடி விழும் இடத்தைச் சுற்றிப் பூச்சு விண்டுபோகும். மூடித் தலைக்கும் அதன் மேல் திருகும் குமிழுக்கும் நடுவே வளையத்தைச் சிறைவைக்கும் முறைதான் இதற்குச் சரி.

#7 மைத்துளி

எல்லோருக்கும் நன்றி. வார்ப்பைக் கைவிட்டேன், ஜெர்மன் சில்வர் 0.8 தகடு வாங்கியாகிவிட்டது. மரப்பால் அக்கா, கிளிப்பையே உருஷியால் பூச முடியுமா? இலை சிவப்பாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். உலோகத்தில் உருஷி ஒட்டாது என்று ஓரிடத்தில் கேள்விப்பட்டேன்.

#8 மரப்பால்

எபோனைட்டில் பூசுவதைப் போல ஈரப்பெட்டியில் இறுக வைத்தால் பிடிப்பு பலவீனம்தான், நகம் பட்டாலே உரியும். உலோகத்துக்குச் சூட்டில் இறுக்கும் முறை இருக்கிறது. ஜப்பானியப் போர்க்கவசங்களின் இரும்புத் தகடுகளை அப்படித்தான் பூசினார்கள். 120 முதல் 150 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட்டால் நொதியின் உதவியில்லாமலே உருஷி இறுகும், உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் ஜெர்மன் சில்வரின் ஸ்பிரிங் போகாது. பாஸ்பர் பிரான்ஸும் தாங்கும். எபோனைட் தாங்காது, எழுபது எண்பது டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே கிளிப்பைத் தனியாகச் சுட்டு முடித்துவிட்டுத்தான் மூடிப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

உலோகத்தை 400 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பச்சை உருஷியை மிக மெல்லியதாகத் தேய்த்து, சுடுங்கள். அந்தச் சுட்ட அடிப்பூச்சு பிடித்துவிட்டால் அதன் மேல் சிவப்பை ஈரப்பெட்டி முறையிலேயே ஏற்றலாம். சிவப்பைச் சூட்டில் வைத்தால் நிறம் கெட்டுப் பழுப்படிக்கும். வளையத்திலும் கையின் அடிப்பக்கத்திலும் பூச்சு வேண்டாம். நுனிக் குமிழையும் வெறும் உலோகமாகவே விடுங்கள், துணியில் உரசி உரசி அங்கே பூச்சு நிற்காது. வளைவு தினமும் வளைந்து நிமிரும் இடம் என்பதால் அங்கே ஒன்றிரண்டு மெல்லிய அடுக்குக்கு மேல் கூடாது.

#9 பச்சிலை

யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இறுகாத உருஷி தோலில் பட்டால் கொப்புளத்தோடு அரிப்பு வரும். பட்ட உடனே தெரியாது. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தொடங்கும், வாரக்கணக்கில் நீடிக்கும். மா, முந்திரி இரண்டும் இந்த மரத்தின் குடும்பமே. மாம்பாலோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பட்டுத் தோல் வெந்த அனுபவம் உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நைட்ரைல் கையுறை, முழுக்கை உடுப்பு இரண்டும் கட்டாயம். தோலில் பட்டுவிட்டால் உடனே சமையல் எண்ணெயால் துடைத்தெடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கதவுக் கைப்பிடி, செல்போன், தண்ணீர்க் குழாய் இவற்றைப் பூசிய கையோடு தொடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பெட்டிக்குப் பூட்டு அவசியம். முகமோ கண்ணோ வீங்கினால் கைவைத்தியம் செய்துகொண்டிராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். முழுதாக இறுகிய பூச்சால் பொதுவாகத் தொந்தரவு இல்லை, அதில் உணவுக் கிண்ணங்களே செய்கிறார்கள். புதுப் பேனாவை மட்டும் சில வாரம் ஆறப்போட்டுவிட்டு எடுத்துப் புழங்குங்கள்.

#10 வெறும்மூடி

மாற்றுக் கருத்து ஒன்று. உருஷிப் பேனாவுக்குக் கிளிப்பே கூடாது என்பேன். அந்த மேற்பரப்பு ஒரே இழுப்பில் தலைமுதல் அடிவரை ஓட வேண்டும். நடுவில் ஒரு பள்ளம், ஓர் உலோகக் கை, நிழல் என்று வந்தால் கண் அங்கேயே தடுக்கி நிற்கிறது. உருளாமலிருக்க மூடியில் ஒரு சிறு புடைப்பு வைத்தால் போதாதா? வெள்ளியில் ஒரு பூச்சியோ காயோ செய்து வைக்கலாம். பேனாவைத் துணி உறையில் கொண்டுபோகலாம்.

#11 பட்டறைக்காரன்

அழகைப் பற்றி நீங்கள் சொல்வது புரிகிறது, கிளிப் இல்லாத உருஷிப் பேனாக்கள் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மைத்துளி கேட்டது பையில் வாழும் பேனா. கிளிப் இல்லாமல் பையில் படுத்துக் கிடக்கும் பேனா குனியும்போது விழும். விழுந்தால் உருஷியும் போச்சு, நிப்பும் போச்சு. நன்றாகச் செய்த கிளிப் அந்தப் பூச்சுக்கே காவல் என்பது என் கட்சி.

கண் தடுக்குகிறது என்பதற்கு வடிவத்தில்தான் பதில் இருக்கிறது. கையின் பக்கவாட்டுக் கோடும் மூடியின் சரிவும் ஒரே கோணத்தில் இறங்கினால் கிளிப் ஒட்டவைத்ததைப் போலத் தெரியாது. மூடி நுனியை நோக்கி எவ்வளவு ஒடுங்குகிறதோ, இலையும் அதே போக்கில் அகலட்டும், ஒடுங்கட்டும். கிளிப்பின் முதுகைத் தட்டையாக விடாமல் மூடியின் வளைவுக்கு இணங்க லேசாகக் குவித்து அடித்துவிடுங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது கிளிப்புக்கும் மூடிக்கும் நடுவே தெரியும் அந்த ஒளிக்கீற்று மேலிருந்து கீழே ஒரே சீராக மெலிந்துகொண்டே வர வேண்டும். அதைச் சரியாக்குவதற்குத்தான் வளைக்கிற வேலையில் பாதி நேரம் போகும், போகட்டும்.

#12 வெறும்மூடி

முதுகைக் குவிப்பது பற்றி நான் யோசித்ததில்லை. அப்படிச் செய்தால் வெளிச்சம் மூடியில் ஓடுவதைப் போலவே கிளிப்பிலும் ஓடும். அது நடந்தால் என் ஆட்சேபத்தில் பாதி போய்விடும். படம் போடுங்கள், மைத்துளி.

#13 மைத்துளி

கிளிப் வெட்டி வளைத்தாகிவிட்டது. சிவப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், உலோகமாகவே இருக்கட்டும். மூடியில் இருக்கும் சிவப்புக் கோட்டோடு போட்டி போட வேண்டாம். மூடியில் கத்தி வைக்கும் முன் அளவுகளைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். வளையம் 0.8 தடிமன், வெளிவிட்டம் 9. கை 4 அகலம். மூடித் தலையில் 9.3 விட்டத்தில் 1 மி.மீ. ஆழம் குடைகிறேன். பக்க வாய் 4.2 அகலம், அதே 1 மி.மீ. ஆழம். குமிழின் அடியில் 0.2 உயரத்தில் ஒரு மேடு. அது குடைவுக்குள் இறங்கி வளையத்தை அழுத்தும். கடைசியில் குமிழின் மரையைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா? கிளிப்பின் நுனிக் குமிழ் மூடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, விலகியிருக்க வேண்டுமா?

#14 மரப்பால்

நிறுத்துங்கள், இந்த அளவில் வெட்ட வேண்டாம். பூச்சின் கனம் கணக்கில் வரவில்லை.

வாயின் இரு சுவரிலும் 0.25 ஏறும். 4.2-இல் கை உள்ளேயே போகாது. கைக்கு 4, பூச்சுக்கு 0.5, இருபுறமும் மூச்சுவிட 0.1 வீதம், ஆக 4.7 வெட்டுங்கள். வாயின் தரையிலும் பூச்சு ஏறும். ஒரே ஆழத்தில் வெட்டினால் பூச்சு கையைத் தூக்கிவிடும், வளையம் சாய்ந்து உட்காரும். வாயை மட்டும் 1.4 ஆழத்துக்கு இறக்குங்கள். வளையம் உட்காரும் வட்டக் குடைவு 1 மி.மீ.யிலேயே இருக்கட்டும், அதில் பூச்சு கிடையாது.

குமிழ் மேடுதான் முக்கியம். மூடியின் மேல் விளிம்பிலும் குமிழின் அடி விளிம்பிலும் நீங்கள் எவ்வளவு மெல்லியதாகப் பூசினாலும் 0.1 வீதம் வரும். மேடு 0.2-ஆக இருந்தால் அது வளையத்தைத் தொடும் முன்பே பூச்சும் பூச்சும் மோதும். கிளிப் ஆடும், இறுக்க இறுக்க விளிம்பு தெறிக்கும். உங்கள் 0.2-உடன் இரண்டு பூச்சுக்கு 0.2, நடுவே மயிரிழை இடைவெளி 0.1 சேருங்கள். மேடு 0.5. இப்போது விசை முழுவதும் குமிழ், வளையம், வெறும் எபோனைட் என்ற வழியிலேயே இறங்கும்.

#15 பட்டறைக்காரன்

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை, பசை பற்றி மட்டும் சொல்கிறேன். எபாக்ஸியோ உடனடிப் பசையோ வேண்டாம். என்றாவது கிளிப்பை மாற்ற வேண்டி வரும், அப்போது மூடியை உடைத்துத்தான் திறக்க முடியும். அரக்கை ஆல்கஹாலில் கரைத்து மரையில் ஒரு பொட்டு வையுங்கள். பழுதுபார்ப்பவர்கள் பேனாக் கழுத்துகளை அதில்தான் ஒட்டுகிறார்கள். மிதமான சூடு காட்டினால் இளகிக் கழன்றுவிடும், பூச்சுக்கும் கேடில்லை.

கிளிப்பின் நுனிக் குமிழ் மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உரசி, பூச்சில் ஒரு மங்கல் கோடு விழும். சட்டைத் துணியின் ஒற்றை மடிப்பைவிடச் சற்றுக் குறைவான இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியை வெறும் மூடியில் பார்த்து வளைக்காதீர்கள். பூச்சு முடிந்து மெருகேறிய மூடியில் வைத்துப் பார்த்துத்தான் கடைசி வளைவைக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கேயே வைத்து நெம்பாதீர்கள், ஒவ்வொரு முறையும் கழற்றிக் குறடில் வளையுங்கள். குறடின் வாயில் தோல் சுற்றிக்கொள்ளுங்கள்.